களைப்பு ஊர்வலம்

கோதண்டன் சொன்ன ஜோக்குக்குச் செல்வமேரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அவன் கன்வேயர் பெல்ட்டின் மேல் கவிழ்ந்துவிட்டான். பார்சல் பெட்டிகள் அவன் தோளில் முட்டி, ஒதுங்கி, நகர்ந்துகொண்டிருந்தன. விளையாடுகிறான் என்றுதான் தமயந்தி நினைத்தாள்.

“எந்திரிடா, சூப்பர்வைசர் வராரு” என்று அவன் முதுகைத் தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அவனுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. புரட்டிப் போட்டபோது முகம் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் முகம்போலத் தெளிவாக இருந்தது. களைப்பின் ஒரு கோடுகூட அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அவன் வலது காதுக்குப் பின்னால் மொட்டு இருந்தது.

ஒரகடத்தைத் தாண்டி இருந்த அந்தக் குடோனில் எல்லோருக்குமே மொட்டு உண்டு. மல்லிகை மொட்டு அளவில், தோலின் நிறத்தில், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவி. அரசாங்கக் காகிதங்களில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. வாயில் நுழையாததால் ஜனங்கள் மொட்டு என்றார்கள். அதை வைத்துக்கொண்டால் களைப்பு தெரியாது. கொஞ்ச நேரத் தூக்கம் போதும், கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். அது வந்த புதிதில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனபிறகும் துணி துவைக்க, தோசை வார்க்க, பிள்ளைகளோடு விளையாடத் தெம்பு இருந்தது. கம்பெனி பஸ்ஸில் யாரும் தூங்கி வழியவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் அரசாங்கம் ஒரு கமிஷன் அமைத்தது. எட்டு மணி நேர வேலை என்பது மனிதர்கள் களைத்துப்போன காலத்தில் போட்ட விதி, களைப்பே இல்லாத இடத்தில் ஓய்வு எதற்கு என்று அந்தக் கமிஷன் கேட்டது. ஷிப்ட் பத்து மணி நேரமாக நீண்டது. பிறகு பதினாலு. யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. முணுமுணுக்கவும் ஒரு களைப்பு வேண்டியிருக்கிறது.

தமயந்தியும் முணுமுணுத்ததில்லை. டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் தணிகாசலம் ஒரு காய்ச்சலில் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரியம் முடிந்த மறுநாளே அவள் பெல்ட்டுக்கு வந்து நின்றாள். ‘இரும்பு மனுஷி’ என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். சில சமயம் அவன் போட்டோவுக்கு முன்னால் போய், ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் வராது. விளக்கை ஏற்றிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

அவளுக்கு அடுத்த இடத்தில் நின்றவள் செல்வமேரி. செங்கல்பட்டுக்காரி. வாய் ஓயாதவள். அவளுடைய ஐந்து மாசக் குழந்தை போன வருஷம் மூச்சுத்திணறலில் இறந்துபோனது. அதற்குப் பிறகு அவள் பேச்சு இன்னும் கூடியது. யாராவது கொஞ்சம் சும்மா இருந்தால் அவர்களைச் சிரிக்கவைக்காமல் விடமாட்டாள்.

கோதண்டன் செத்த அன்று பெல்ட் நிற்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த இடத்தில் வேறு ஒருவன் வந்து நின்றான்.

*

தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் இதாயத்துல்லா. குடோனில் வேலை பார்த்து, மொட்டு வேண்டாம் என்று தகராறு செய்து, வேலை போனவர். கரகரத்த தொண்டை. கோதண்டனை அடக்கம் செய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூர் சங்க ஆபீசில் ஒரு டாக்டரை அழைத்துவந்து உட்காரவைத்தார். அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியம் பார்க்கும் வைதேகி.

“இது களைப்பைப் போக்குதுன்னு நினைச்சுட்டிருக்கீங்க” என்றார் டாக்டர். “போக்கல. உடம்பு களைச்சுப்போயிட்டேன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டேதான் இருக்கு. அந்தப் பேச்சு மூளைக்குக் கேட்காம இது வழியை அடைக்குது. காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிப்போட்டா வந்தவர் திரும்பிப் போயிடமாட்டாரே? வாசல்லயே நிப்பார். அந்தத் தம்பிக்கு வாசல்ல நின்னவர் கதவை உடைச்சுட்டு உள்ள வந்துட்டார்.”



“கழட்டிட்டா என்னாகும் டாக்டரம்மா?” என்றார் இதாயத்துல்லா.

“ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல மூளைக்குக் காது கேட்க ஆரம்பிக்கும். எவ்வளவு கேட்கும்னு நிஜமாவே எனக்குத் தெரியாது. வருஷக்கணக்கா வச்சிருந்து கழட்டினவங்க யாரும் என்கிட்ட வந்ததில்ல. நீங்கதான் ஞாயித்துக்கிழமைகூடக் கழட்ட மாட்டேங்கறீங்களே.”

“எப்டிம்மா கழட்டறது? கழட்டினா கம்பெனிக்குத் தெரிஞ்சுபோவுது. மறுநாளு கேட்டுல நிறுத்திடறான்” என்றாள் தமயந்தி.

“உயிருக்கு எதுவும் ஆகாதே?” என்று யாரோ கேட்டார்கள்.

“வச்சிருக்கறதுதான் உயிருக்கு ஆபத்து.”

பின் வரிசையிலிருந்து செல்வமேரி கை தூக்கினாள். “டாக்டர், களைப்பு மட்டும்தான் வருமா? வேற ஏதாச்சும் வருமா?”

“வேற ஏதாச்சும்னா?”

“சும்மா கேட்டேன். கழட்டினதும் எம்புருஷன் மேல ஆசை கீசை வந்துடப்போவுதுன்னு ஒரு பயம்.”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் அவளைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

மே முதல் தேதி சென்னையில் ஊர்வலம் என்று முடிவானது. சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் கூடுவது, அங்கேயே எல்லோரும் மொட்டைக் கழற்றிவிடுவது, மவுண்ட் ரோடு, வாலாஜா ரோடு வழியாக நடந்து கடற்கரை உழைப்பாளர் சிலைக்குப் போய் மனுக் கொடுப்பது. “களைப்பே இல்லேன்னு கமிஷன் சொல்லுது. களைச்சுப்போயி நாம நடந்து காட்டுவோம்” என்றார் இதாயத்துல்லா.

*

அன்று காலை பூங்காவில் நிற்க இடமில்லை. குடோன்காரர்களோடு கார் கம்பெனி, செருப்புக் கம்பெனி ஆட்கள், மாநகராட்சித் துப்புரவுப் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பிரியாணி அண்டாவை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து காதுக்குப் பின்னால் நகத்தை விட்டு நெம்பி, மொட்டை எடுத்து அதில் போட்டார்கள். மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல டிணுக் டிணுக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தமயந்தி போட்டாள். அவள் பின்னால் வந்த செல்வமேரி கூந்தலுக்குள் கையை விட்டு எடுத்து, அண்டாவுக்குள் போட்டுவிட்டு, “போய்ட்டு வா ராசாத்தி” என்று கையாட்டினாள்.

ஊர்வலம் கிளம்பியபோது எல்லோருக்கும் தெம்பு அப்படியே இருந்தது.

“எட்டு மணி நேர வேலையைத் திருப்பிக் கொடு!”

“தூக்கத்தைத் திருப்பிக் கொடு!”

“களைப்பு எங்கள் உரிமை!”

செல்வமேரியின் குரல்தான் மேலே நின்றது. மவுண்ட் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். களைப்பு எங்கள் உரிமை என்ற கோஷத்தைக் கேட்டு ஒரு ஆட்டோக்காரர், “எனுக்கு இருக்குது, வேணும்னா எடுத்துனு போங்க” என்று கத்தினார். அவருக்கு மொட்டு வாங்க வசதி இருந்திருக்காது.

தமயந்திக்கு முதலில் தெரிந்தது செருப்பின் வார். இடது காலில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில், அது உரசிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக உரசுகிறதோ. குனிந்து பார்த்தாள், அங்கே பழைய காயம் ஒன்று காய்ந்து தடித்திருந்தது. அது தன் கால் என்பதே புதிதாக இருந்தது. பிறகு தோள்பட்டை தெரிந்தது. பிறகு கைகளின் கனம். இரண்டு கைகளையும் யாரோ தந்து, பிடித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனதுபோல அவற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வாலாஜா ரோட்டுக்குத் திரும்பும்போது முன்னால் போன ஒருவன் வாயைப் பிளந்து பெரிதாக மூச்சு இழுத்தான். அவனுக்கே என்னவென்று புரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கும் அது வந்தது.

“கொட்டாவிடா! டேய், கொட்டாவி!”

அது அப்படியே பின்னால் பரவியது. வரிசை வரிசையாக வாய்கள் திறந்து மூடின. கோஷங்கள் பாதியில் கொட்டாவியாகி முடிந்தன. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், சிரிப்பினூடே கொட்டாவி விட்டார்கள், கண்ணில் நீர் கட்டியது. ரொம்ப நாள் முன்னால் ஊரைவிட்டுப் போன ஒருவன் எதிரே வந்து நின்றதுபோல ஒரு குதூகலம்.

சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். கடற்கரைக்கு அனுமதி கிடையாதாம். இதாயத்துல்லா அதிகாரியிடம் வாதாடினார். கோர்ட்டு உத்தரவு, மனு, அமைதியான ஊர்வலம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில், “ஒரு நிமிஷம் இருங்க சார்” என்றார். தடுப்பைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். மொட்டே இல்லாத அவர் ஊர்வல வேலையில் பல ராத்திரி தூங்கியிருக்கவில்லை. தலையை இரும்புக் கம்பியில் சாய்த்தார். தூங்கிவிட்டார்.

அதிகாரி குனிந்து, “ஐயா... ஐயா...” என்றார். நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு முன்னால் இருந்த ஊர்வலத்தின் உயரம் குறைந்துகொண்டே வந்தது. முன் வரிசை உட்கார்ந்தது. அடுத்த வரிசை அதன்மேல் சாய்ந்தது. கொடிகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. தெருவே பாய் விரித்ததுபோலப் படுத்தது.

தமயந்தி ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு போய்ச் சேர்ந்தது; கால் சேரவில்லை. தார் ரோட்டிலேயே, பாதி நிழலில், முழங்காலை மடித்து உட்கார்ந்தாள்.

ஒரு பெண் போலீஸ் ஓடிவந்தாள். சின்னப் பெண். கையில் பிரம்புக் கேடயம். “அக்கா, எந்திரிங்க. இங்கெல்லாம் படுக்கக் கூடாது. எந்திரிங்கக்கா.”

“முடியலம்மா” என்றாள் தமயந்தி.

சொன்னபிறகு அந்தச் சொல் வாயில் இனித்தது. முடியல. இதைக் கடைசியாக எப்போது சொன்னோம்? மறுபடியும் சொன்னாள். “முடியல.”

அந்தப் பெண் போலீஸ் சுற்றிலும் பார்த்தாள். பின்னால் அதிகாரியைப் பார்த்தாள். அவர் போனில் மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்; கூட்டம் கலைந்துபோகவில்லை, கலகமும் செய்யவில்லை, தூங்குகிறது, தூங்குகிறவர்களை என்ன செய்வது என்று. அவள் குந்தி உட்கார்ந்து, தமயந்தியின் முகத்தில் விழுந்த வெயிலுக்குக் குறுக்கே கேடயத்தைப் பிடித்தாள்.

“அடுத்த மாசம் எங்களுக்கும் வைக்கப் போறாங்களாம்க்கா” என்றாள் மெல்ல. “வலிக்குமா?”

“வலிக்காது” என்று சொல்ல வாயெடுத்தாள் தமயந்தி. அது தூக்கத்துக்குள் போய்விட்டது.

*

தணிகாசலத்தின் டெம்போவில் முன் சீட்டில் இருந்தாள். ரோடு ஈரமாக, பளபளவென்று, எதிரே எந்த வண்டியும் இல்லாமல் நீண்டுபோனது. பின்னால் தர்ப்பூசணிகள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம். அவன் சட்டையில் டீசல் வாசனை. இரண்டு வருஷமாக அவள் மூக்கு தேடாத வாசனை. வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை. இரண்டு பக்கமும் ஏரிகள். ஏரிகளின் மேல் ஆட்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அவர்களைத் தாங்கி மெல்ல ஆட்டியது. அவர்களில் கோதண்டனும் இருந்தான், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு.

“எங்க போறோம்?” என்றாள்.

“எங்கயோ போறோம். உனுக்கு இன்னா? தூங்கு.”

“நான் தூங்கினா நீயும் தூங்கிடுவியே.”

“நான் தூங்கமாட்டேன். ஊரு வந்ததும் எழுப்பறேன், படு.”

அவள் அவன் தோளில் தலையை வைத்தாள். தோள் இருந்தது. சூடாக, எலும்போடு, இருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு தூரமானாலும் போகட்டும் என்று இருந்தது. பிறகு அவளுக்கு ஒன்று புரிந்தது: இவன் எழுப்பப் போவதில்லை. தானாகத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அழுகைச் சத்தம் கேட்டு விழித்தாள். தன் அழுகை என்று அறியச் சற்று நேரம் பிடித்தது. தரையில் கன்னம் அழுந்தி, “தணிகா, தணிகா” என்று கேவிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்து, கடல்காற்று வந்திருந்தது. கேடயத்தைப் பிடித்திருந்த பெண் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள், அவளும் மிரண்டுபோயிருந்தாள்.

தமயந்தி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். தெரு முழுவதும் அழுதுகொண்டிருந்தது. ஒரு பெரியவர் மடியில் கொடியைப் போட்டுக்கொண்டு, “யம்மா” என்று குலுங்கினார். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி யாருடைய பெயரையோ சொல்லிச் சொல்லி மார்பில் தட்டிக்கொண்டாள். இன்னும் விழிக்காதவர்களின் மூடிய கண்களிலிருந்தும் நீர் வழிந்தது. சேனல்காரர்கள் கேமராவை இறக்கிவிட்டு நின்றார்கள். போலீஸ் அடித்துத்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவர்கள் வருஷக்கணக்கில் அழாமல் விட்ட சாவுகளுக்கு அழுதுகொண்டிருந்தார்கள்.

டாக்டர் வைதேகி தண்ணீர் பாட்டில்களோடு ஆட்களிடையே மண்டியிட்டு மண்டியிட்டு வந்தார். தமயந்தியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. களைப்புக்கு ஒரு வழி, துக்கத்துக்கு ஒரு வழின்னு படிச்சிருந்தோம். எல்லாம் ஒரே கதவு வழியாத்தான் வந்துட்டிருந்ததுபோல.”

“நான் இரும்புன்னு நெனச்சேன் டாக்டரம்மா” என்றாள் தமயந்தி. “எம்மேல எனக்கே ஒரு பெருமை. அவர் செத்ததுக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரலியே, என்ன பொம்பள நானுன்னு ஒரு பக்கம் வெக்கமும்.”

“நீங்க இரும்பும் இல்ல, கல்லும் இல்ல. உங்களுக்குச் சேதியே வந்து சேரலம்மா.”

அந்த ரோட்டில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் குடம், கையில் ஒரு தம்ளர். அழுகிறவர்களை எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, அடுத்தவரிடம் போனாள். செல்வமேரி. மதியம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. கோதண்டனின் முகம்போல.

அவள் குனிந்து தம்ளரை நீட்டியபோது தமயந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் அவள் கூந்தலை ஒதுக்கினாள்.

“நீ கழட்டலியா?”

“இல்லக்கா.”

“அண்டால போட்டியேடி?”

“தோடு போட்டேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். “போன தீபாவளி சமயம் ஒரு ஞாயித்துக்கெழம எனக்கு இது ரிப்பேராயிடுச்சுக்கா. திங்கக்கெழம கேட்டுல வேற மாட்டிவிட்டாங்க. நடுவுல அந்த ஒரு நாளு. பாப்பா செத்து எட்டு மாசம் ஆயிருந்துச்சு. எனக்கு அன்னிக்குத்தான் செத்தா.” குரலில் எந்த நடுக்கமும் இல்லை. எங்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். “அது எப்டி இருந்துச்சுன்னு இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. மறுபடி அது வேணாம்னு மட்டும் ஞாபகம் இருக்கு.”

“டாக்டருகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க யாரு கழட்டியிருப்பீங்க? ஊர்வலம் நடந்திருக்குமா?”

தமயந்திக்குக் கோபம் வந்தது. அதுவும் ரொம்ப நாளைக்குப் பிறகு. ஆனால் தம்ளரை நீட்டியபடி இருந்த அந்தக் கையைப் பார்த்ததும் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

அரசாங்கத் தரப்பில் பேச்சுவார்த்தைக்கு ஆள் வந்தபோது இதாயத்துல்லா இன்னும் விழிக்கவில்லை. எழுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று அதிகாரிகள், தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, தொழிலாளி ஒருவர் தூங்கி எழும்வரை காத்திருந்தார்கள்.

*

அடுத்து வந்த நாட்கள் லேசாக இல்லை. தமயந்தி காய்ச்சல்காரிபோலக் கிடந்தாள். தூங்கினாள், அழுதாள், சோறு தின்றாள், மறுபடி தூங்கினாள். துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, “ரெண்டு வருஷம் கழிச்சாடி?” என்று கேட்டுவிட்டுத் தானும் சேர்ந்து அழுதாள். தெரு முழுக்கத் தூங்கி, தெரு முழுக்க அழுத அந்தப் படத்தை நாடே பார்த்திருந்தது. போலீஸுக்கு மொட்டு வைக்கும் திட்டம் நின்றது. மாதம் முடிவதற்குள் அரசு உத்தரவு வந்தது. வேலை மறுபடி எட்டு மணி நேரம். மொட்டு கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஞாயிறு மதியம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள்.

“விருப்பம்னு ஒரு வார்த்தையைப் போட்டிருக்கான்” என்றார் இதாயத்துல்லா. “நாளைக்கு வச்சிருக்கறவனுக்குத்தான் ஷிப்ட் கொடுப்பான். ரெண்டு வருஷத்துல எல்லாருக்கும் விருப்பம் வந்துடும். ஒரேடியாத் தடை பண்ணச் சொல்லித் திருப்பி அனுப்பலாம்னு நான் சொல்றேன். எதிர்க்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா?”

“நான் இருக்கேன்” என்று செல்வமேரி மேடைக்குப் போனாள். மைக்கைப் பிடித்துத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அவள் ஜோக் சொல்லப் போகிறாள் என்று சிலர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“எம்மவ போயிட்டா. உங்கள்ல நெறைய பேருக்குத் தெரியும். இத எடுத்துட்டா அவ தெனமும் போவா. நீங்க எல்லாரும் அழுதீங்க, இப்ப தேறிட்டீங்க. எனக்குத் தேற வராது. தடை கேக்காதீங்க. உங்க கால்ல விழறேன்.”

இதாயத்துல்லா தலையைக் குனிந்துகொண்டார். சங்கம் நடத்திப் பழகியவருக்கு எதிராளியிடம் பேசத் தெரியும். இதற்கு என்ன பேசுவது?

தமயந்தி எழுந்தாள். மேடைக்கெல்லாம் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

“மேரி, நீ கேக்கறது மருந்து. அது உனக்கு. கம்பெனி குடுத்தது மருந்து இல்ல, அது பெல்ட்டுக்குப் போட்ட கிரீஸு. அதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது. வெளிய, உன் வூட்டுல, டாக்டரம்மா சொல்ற மாதிரி நீ வச்சிக்க. யாரும் உன்னத் தடுக்கக் கூடாது. ஆனா வேலைக்குள்ள யாரு காதுலயும் அது வேணாம். கேட்டுல கழட்டிட்டுத்தான் உள்ள வரணும், மொதலாளியா இருந்தாலும்.”

“அப்போ வேலை நேரம் பூரா நான் அதச் சுமந்துகிட்டு நிக்கணுமாக்கா?” செல்வமேரி மைக்கில்தான் கேட்டாள், அது மண்டபம் முழுக்க ஒலித்தது.

“ஆமாண்டி. ஆனா வூட்டுல தனியா சொமக்கற மாதிரி இருக்காது. அங்க நாங்க இருக்கோம்.”

செல்வமேரி மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். தமயந்தி சொன்னதற்கு நடந்த ஓட்டெடுப்பில் அவள் கை உயரவில்லை. மற்றவர்கள் கை உயர்ந்தது. தமயந்தி கையைத் தூக்கினாள். தூக்கிய கை கனத்தது.

அரசு அந்தத் திருத்தத்தை ஏற்க இன்னும் பல வாரங்களும் இரண்டு வேலைநிறுத்தங்களும் ஆயின. ஆனாலும் ஏற்றது.

*

புது விதி நடைமுறைக்கு வந்த அன்று குடோன் கேட்டில் செல்வமேரி வெகுநேரம் நின்றாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று தமயந்தி பயந்தாள். அவள் மொட்டை எடுத்து, டிபன் டப்பாவின் மேல்தட்டில் வைத்து மூடிவிட்டு உள்ளே வந்தாள். டாக்டர் அவளுக்கு அதை நாளுக்குக் கொஞ்ச நேரமாகக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார். பெல்ட் ஓடத் தொடங்கியது. முதலில் கொஞ்ச நேரம் அவள் வழக்கம்போலப் பேசினாள். தன் மாமியாரைப் போல நடித்துக் காட்டினாள். பிறகு பேச்சு நடுவே விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றுபோயிற்று.

தமயந்தி அவள் பக்கம் வந்த பெட்டிகளையும் சேர்த்து எடுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் இருந்தவளும் அப்படியே செய்தாள். செல்வமேரியின் கைகளில் ஒரு பெட்டி இருந்தது. ஏதோ குழந்தைகள் சாமானாக இருக்க வேண்டும். ஆட்டினால் உள்ளே கிலுகிலுத்தது. அவள் அதைக் கீழே வைக்காமல், மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் குலுங்கின.

பெல்ட்டின் பக்கவாட்டில் சிவப்புக் கைப்பிடி ஒன்று உண்டு. தீப்பிடித்தால் இழுப்பதற்கு. தமயந்தி அதை இழுத்தாள்.

சூப்பர்வைசர் தேவநாதன் ஓடிவந்தார். “யாரு நிறுத்தினது? என்ன, மெஷின் ரிப்பேரா?”

“இல்ல சார்.”

“பின்ன?”

“களைப்பா இருக்கு” என்றாள் தமயந்தி.

“எனக்கும் சார்” என்றாள் அடுத்தவள். அதற்கடுத்து ஒருவன், “எனக்கும்” என்றான். வரிசையின் கடைசிவரை அது போனது.

தேவநாதன் எதையோ சொல்லத் தொடங்கினார். பெட்டியை அணைத்தபடி நின்றவளைப் பார்த்தார். அவர் கை தன் காதுக்குப் பின்னால் போய், அங்கே ஒன்றும் இல்லாததைத் தடவிவிட்டுத் திரும்பியது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் மெதுவாக உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தமயந்தி செல்வமேரியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

இத்தனை வருஷமாக இரைந்துகொண்டிருந்த பெல்ட் ஓய்ந்திருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததும், அது தகரக் கூரைமேல் விழுந்துகொண்டிருந்ததும் அப்போதுதான் அவர்களுக்குக் கேட்டது.